மௌஸின் வலப் பொத்தானும் நாமே எழுதும் கட்டளையும்

கணிப்பொறியில் ஒரு கோப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டு நிறுத்தி, மௌஸின் வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பட்டியல் விரிகிறது. திற, நகலெடு, வெட்டு, பெயர் மாற்று, குப்பைக்கு அனுப்பு என்று அதில் வரிகள் இருக்கும். இதனை மெனு என்கிறோம். நாள்தோறும் பல முறை இதைப் பார்க்கிறோம். ஆனால் இந்த வரிகளை எழுதியவர் யார், இதில் நாமும் ஒரு வரியைச் சேர்க்க முடியுமா என்று எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

முடியும். அதற்குப் பெரிய நிரலாளராக இருக்க வேண்டுவதில்லை. ஐந்தாறு வரிகள் எழுதத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த ஐந்தாறு வரிகளுக்குள் ஒரு பொல்லாத கண்ணியும் ஒளிந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் வல்லுநர்களே அதில் கால் வைத்து, பிறர் சேர்த்து வைத்த கோப்புகளையெல்லாம் அழித்திருக்கிறார்கள். அதையும் சேர்த்தே இங்கு காண்போம்.

முதலில் தேவை என்ன என்று பார்க்கலாம். ஒரு பள்ளி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நானூறு மாணவர்களின் படங்கள் கைப்பேசியில் எடுக்கப்பட்டு ஒரு கோப்புறையில் இருக்கின்றன. ஒவ்வொரு படமும் அகலத்தில் 3,000, உயரத்தில் 4,000 புள்ளிகள் கொண்டது. அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். விண்ணப்பப் படிவமோ சிறு படத்தைத்தான் ஏற்கும். ஒவ்வொரு படத்தையும் படந்திருத்தும் நிரலில் திறந்து, அளவைக் குறைத்து, வேறு பெயரில் சேமித்து மூடுவதற்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று கொண்டால், நானூறு படங்களுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் பிடிக்கும். உயரத்தை 400 புள்ளிகளாகக் குறைத்தால் அகலம் 300 ஆகிறது. மொத்தம் 1,20,000 புள்ளிகள். நூற்றில் ஒரு பங்கு. இதில் மனிதர் முடிவு செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. நானூறு முறையும் ஒரே வேலைதான். இத்தகைய வேலைக்குத்தான் கணிப்பொறி பிறந்தது!

ஆனால் வலப் பொத்தான் மெனுவில் ‘படத்தைச் சிறிதாக்கு’ என்ற வரி இல்லை. மெனுவை அமைத்தவர்கள் உலகத்தார் அனைவருக்கும் பொதுவான வேலைகளை மட்டுமே அதில் வைத்தார்கள். நம் பள்ளி அலுவலகத்தின் தேவை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது பொத்தான் வந்த வரலாறு

மௌஸை உலகுக்கு முதன்முதலாகக் காட்டியவர் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அவர் நடத்திய செயல்விளக்கத்தில் பயன்பட்ட மௌஸுக்கு மூன்று பொத்தான்கள் இருந்தன. பின்னர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973இல் உருவான ஆல்ட்டோ கணிப்பொறியின் மௌஸுக்கும் மூன்று பொத்தான்களே. அங்கு ஸ்மால்டாக் என்ற நிரல்மொழியை உருவாக்கிய குழுவினர், அம்புக்குறி நிற்கும் இடத்திலேயே மெனு தோன்றும்படி அமைத்தார்கள். கையை வேறிடத்துக்கு நகர்த்தாமலே கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இது.

ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் சென்றது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று புதியவர்கள் குழம்பக்கூடாது என்பதற்காக, 1983இல் வந்த லிசாவிலும் 1984இல் வந்த மேக்கின்டாஷிலும் ஒற்றைப் பொத்தான் மௌஸையே கொடுத்தது. மெனுக்கள் எல்லாம் திரையின் மேல் விளிம்பில் இருந்தன. வலப் பொத்தானை ‘இந்தப் பொருளை என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் பொத்தானாக நிலைநிறுத்தி உலகெங்கும் பரப்பிய பெருமை 1995இல் வந்த விண்டோஸ் 95க்கு உரியது. ஆப்பிளும் 1997இல் தன் எட்டாம் பதிப்பு இயக்க அமைப்பில் கன்ட்ரோல் விசையுடன் மௌஸை அழுத்தினால் அத்தகைய மெனு வரும்படி செய்தது. இன்று இந்த மெனு இல்லாத மேசைக் கணிப்பொறி இல்லை எனலாம்.

மெனு எப்படி உருவாகிறது?

இந்த மெனு எங்கோ அச்சடித்து வைத்த அட்டை அன்று. நாம் பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் அது தொகுக்கப்படுகிறது. கோப்புகளை நமக்குக் காட்டும் நிரலுக்குக் கோப்பு மேலாளர் என்று பெயர். அது முதலில் இந்தக் கோப்பு எந்த வகை என்று பார்க்கிறது. விண்டோஸ் பெரும்பாலும் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகளைக் கொண்டே வகையைத் தீர்மானிக்கிறது. லினக்ஸ் அமைப்புகள் பெயரோடு, தேவையானால் கோப்பின் தொடக்கத்தில் உள்ள சில பைட்டுகளையும் பார்க்கும். பிஎன்ஜி வகைப் படத்தின் முதல் பைட்டின் மதிப்பு 137; அதையடுத்து அந்த மூன்று எழுத்துகளே வரும். பிடிஎஃப் கோப்பும் ஒரு விழுக்காட்டுக் குறியோடும் தன் பெயரெழுத்துகளோடும்தான் தொடங்குகிறது. தபால்காரர் உறையின் மேலுள்ள முத்திரையைப் பார்த்து வகை பிரிப்பதைப் போன்றது இது.

வகை தெரிந்ததும், ‘இந்த வகைக் கோப்புக்கு நான் பணி செய்வேன்’ என்று முன்பே பெயர் பதிந்து வைத்துள்ள நிரல்களின் பட்டியலைக் கோப்பு மேலாளர் எடுத்துப் பார்த்து, அவற்றையும் மெனுவில் சேர்க்கிறது. ஆகவே மெனுவில் நாம் ஒரு வரியைச் சேர்ப்பது என்றால், அந்தப் பதிவேட்டில் நம் பெயரையும் எழுதி வைப்பது என்றே பொருள். எங்கே எழுதுவது என்பதுதான் இயக்க அமைப்புக்கு இயக்க அமைப்பு மாறுபடுகிறது.

லினக்ஸ் கணிப்பொறிகளில் பரவலாக உள்ள க்னோம் திரையமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கோப்பு மேலாளருக்கு நாட்டிலஸ் என்று பெயர். ஆழ்கடலில் சுருள் ஓட்டுக்குள் வாழும் உயிரியின் பெயர் அது. அதன் முதல் பதிப்பு 2001இல் வந்தது. இதில் உள்ள வழியைப் போல எளிய வழி வேறு எதிலும் இல்லை என்பது என் கருத்து. ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் நம் கட்டளைக் கோப்பைப் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த முறை வலப் பொத்தானை அழுத்தினால், ‘ஸ்கிரிப்டுகள்’ என்ற புதிய வரி மெனுவில் வந்து நிற்கும். அதற்குள் நம் கோப்பு இருக்கும்.

அந்தக் கோப்புறை ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பெயரிலுள்ள வீட்டுக் கோப்புறைக்குள் ‘லோக்கல்’ என்று ஒரு கோப்புறை உண்டு. அதன் பெயர் ஒரு புள்ளியோடு தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது. கன்ட்ரோல் விசையோடு எச் எழுத்தை அழுத்தினால் வெளிப்படும். அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘நாட்டிலஸ்’, அதற்குள் ‘ஸ்கிரிப்ட்ஸ்’. கடைசியில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. அது இல்லாவிட்டால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

இதில் தமிழருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. மெனுவில் தோன்றும் வரி, நம் கோப்பின் பெயரேதான். கோப்புக்குப் ‘படத்தைச் சிறிதாக்கு’ என்று தமிழில் பெயரிட்டால், மெனுவிலும் அப்படியே தமிழில் தோன்றும். யாரும் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறைக்குள் ‘படங்கள்’, ‘கணக்கு’ என்று உட்கோப்புறைகள் வைத்தால் அவை மெனுவில் கிளைகளாகப் பிரியும்.

ஸ்கிரிப்ட் என்பது என்ன?

நாடகத்துக்கு எழுதப்படும் வசனப் பிரதியை ஸ்கிரிப்ட் என்பார்கள். கணிப்பொறியிலும் ஏறக்குறைய அதே பொருள்தான். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று வரிசையாக எழுதிய வெற்று எழுத்துக் கோப்பு அது. அதை ஒரு நிரல் வரி வரியாகப் படித்து நடத்திக்காட்டுகிறது.

எந்த நிரல் படிப்பது என்பதைக் கோப்பின் முதல் வரியே சொல்ல வேண்டும். அந்த வரி ஒரு வேலிக்குறியும் ஒரு வியப்புக்குறியுமாகத் தொடங்கும். அதன்பின் படிக்கும் நிரலின் முகவரி வரும். யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1980இல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரு குறிகளும் மாறவில்லை. நம் ஸ்கிரிப்டைப் படிக்கப் போவது பாஷ் என்ற நிரல். லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலும் அது முன்பே இருக்கும்.

இன்னொன்றும் தேவை. கோப்பு வெறும் எழுத்தா, இயக்கத்தக்க கட்டளையா என்று கணிப்பொறிக்குத் தெரிய வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்பது அனுமதிக் குறிகள் உண்டு: உரியவர், அவர் குழுவினர், மற்றவர் என்ற மூவருக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மும்மூன்று. இவற்றுள் ‘இயக்க’ என்ற குறி விழாவிட்டால் நம் ஸ்கிரிப்ட் மெனுவில் தலைகாட்டவே காட்டாது. கோப்பின் மேல் வலப் பொத்தானை அழுத்திப் பண்புகள் என்ற பெட்டியைத் திறந்து, நிரலாக இயக்கலாம் என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். ‘கோப்பைச் சரியான இடத்தில்தான் வைத்தேன், மெனுவில் வரவில்லையே’ என்று தவிப்பவர்களில் பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த ஒரு குறியைத்தான். பென் டிரைவ்களில் வழக்கமாக உள்ள ஃபேட் என்ற அமைப்பில் இக்குறிகளை எழுதி வைக்க இடமே கிடையாது. எனவே நண்பரிடமிருந்து பென் டிரைவில் ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தால் அனுமதியை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஐந்து வரிகள்

படத்தைச் சிறிதாக்கும் வேலையை நாமே எழுத வேண்டாம். இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி 1987இல் எழுதத் தொடங்கி, 1990இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது இது. திரையில் பெட்டியும் பொத்தானும் இல்லாமல், கட்டளை வரியிலேயே படங்களை மாற்றும் திறம் கொண்டது.

நம் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது வரி ‘சிறியவை’ என்ற கோப்புறையை உருவாக்கச் சொல்கிறது. முன்பே இருந்தால் பேசாமல் இருக்கச் சொல்கிறது. மூன்றாவது வரி ஒரு சுற்றைத் தொடங்குகிறது: ‘என்னிடம் தரப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் பின்வருவதைச் செய்’. நான்காவது வரிதான் உண்மையான வேலை. இமேஜ்மேஜிக்கை அழைத்து, ‘இந்தப் படத்தை 400க்கு 400 என்ற சதுரத்துக்குள் அடங்கும்படி சுருக்கி, அதே பெயரில் சிறியவை என்ற கோப்புறைக்குள் வை’ என்கிறது. நீள அகல விகிதம் கெடாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ஐந்தாவது வரி ‘சுற்று முடிந்தது’ என்ற ஒற்றைச் சொல்.

தரப்பட்ட பெயர்கள் எங்கிருந்து வந்தன? நாம் மௌஸால் தேர்ந்தெடுத்த கோப்புகளின் பெயர்களை நாட்டிலஸே ஸ்கிரிப்டுக்கு வரிசையாகக் கொடுத்துவிடுகிறது. அத்துடன் நாம் நிற்கும் கோப்புறைக்குள்ளேயே ஸ்கிரிப்டை இயக்குகிறது. ஆகவே நானூறு படங்களையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, வலப் பொத்தானை அழுத்தி, ‘படத்தைச் சிறிதாக்கு’ என்றால் போதும். ஆறு மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நான்காவது வரியில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சிறிய படத்தைத் தனிக் கோப்புறையில் வைக்கிறோம். மூலப்படத்தின் மேல் எழுதவில்லை. இமேஜ்மேஜிக்கிலேயே மாக்ரிஃபை என்று இன்னொரு கட்டளை உண்டு. மாறாகச் சொல்லாவிட்டால், அது மூலப்படத்தையே சுருக்கி அதன் இடத்தில் வைத்துவிடும். வரி குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுருங்கிய படத்திலிருந்து பழைய படம் ஒருநாளும் திரும்ப வராது. கரும்பைச் சாறாக்கலாம், சாற்றைக் கரும்பாக்க முடியுமா?

ஓர் இடைவெளியின் விலை

இப்போது முன்பு சொன்ன கண்ணிக்கு வருவோம். கட்டளைகளைப் படிக்கும் பாஷ் நிரலுக்கு, ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவது இடைவெளி. நம் கோப்பின் பெயரோ ‘அரசு விழா’ என்று நடுவே இடைவெளியோடு இருக்கிறது. ஸ்கிரிப்டில் அந்தப் பெயர் வரும் இடத்தை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைக்காவிட்டால், பாஷ் அதனை இரண்டு கோப்புகளாக எண்ணிவிடும்: ‘அரசு’ ஒன்று, ‘விழா’ ஒன்று. இரண்டுமே இல்லை என்றால் ஒரு பிழைச் செய்தியோடு போய்விடும். இருந்துவிட்டால்தான் வம்பு. ஒரே கோப்புறையில் ‘கணக்கு’ என்று ஒரு கோப்பும் ‘கணக்கு பழையது’ என்று ஒரு கோப்பும் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதை அழிக்கச் சொல்லி ஒரு ஸ்கிரிப்டை இயக்குகிறோம். மேற்கோள் குறி இல்லை. அழிவது நம் இன்றைய கணக்கு; பழையது பத்திரமாக இருக்கும்!

இது கற்பனையான அச்சம் அன்று. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அதை நிறுவும் ஸ்கிரிப்டில், பழைய பதிப்பை அழிக்கச் சொல்லும் ஒரு வரி இருந்தது. அதில் வட்டின் பெயர் வருமிடத்தில் மேற்கோள் குறி இல்லை. வட்டுக்கு இடைவெளியோடு பெயர் சூட்டியிருந்த சிலருடைய கணிப்பொறிகளில் அந்த வரி வட்டு முழுவதையும் துடைத்தெடுத்துவிட்டது. நிறுவனம் உடனே அதைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. திருத்தத்தின் சாரம் அந்த மேற்கோள் குறிகள்தான்.

2015 ஜனவரியில் இன்னொரு நிகழ்ச்சி. வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் ஸ்டீம் நிரலின் லினக்ஸ் பதிப்பில் ஒரு ஸ்கிரிப்ட், தான் இருக்கும் கோப்புறையின் முகவரியைக் கண்டுபிடித்து, அந்த முகவரிக்குப் பின் ஒரு சாய்கோட்டையும் நட்சத்திரத்தையும் சேர்த்து, அங்குள்ள அனைத்தையும் அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. இங்கு மேற்கோள் குறி சரியாகவே இருந்தது. ஆனால் கோப்புறையை இடம் மாற்றியிருந்த ஒரு பயனருக்கு முகவரி கண்டுபிடிக்கப்படாமல் வெறுமையாக வந்துவிட்டது. வெறுமைக்குப் பின் சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சினால், லினக்ஸில் அதற்குப் பொருள் ‘வட்டின் வேரிலிருந்து எல்லாமும்’ என்பது. அவருடைய கோப்புகள் மட்டுமல்ல, செருகியிருந்த வெளிவட்டில் இருந்தவையும் போயின. அந்த வரியை எழுதியவர் அதற்கருகில் ‘பயமாயிருக்கிறது’ என்னும் பொருளில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தார் என்பது இதில் வேடிக்கை. பயந்தவர், முகவரி வெறுமையா என்று சோதிக்கும் ஒரு வரியையும் சேர்த்திருக்கலாம்.

மேற்கோள் குறியோடு இன்னொரு பழக்கமும் வேண்டும். சிலர் கோப்பின் பெயரைச் சிறு கோட்டோடு தொடங்குவார்கள். சிறு கோட்டோடு தொடங்கும் எதையும் கட்டளைகள் பெயராக எண்ணாமல், தமக்கு இடப்பட்ட விருப்பக் குறிப்பாக எண்ணிக்கொள்ளும். பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ‘இந்தக் கோப்புறையில் உள்ள’ என்று அதற்குப் பொருள்.

தமிழ்ப் பெயர்கள் என்ன ஆகும்?

1970களில் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட யூனிக்ஸ் முறைகள், தமிழ்ப் பெயருள்ள கோப்பைக் கண்டு தடுமாறாதா என்ற ஐயம் எழலாம். தடுமாறுவதில்லை, அதற்கு ஓர் அழகான காரணம் உண்டு. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 என்ற முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வகுத்தார்கள். அம்முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். அந்த மூன்றில் எதன் மதிப்பும் 128க்குக் குறையாது. இடைவெளியின் மதிப்பு 32, சாய்கோட்டின் மதிப்பு 47. ஆகவே ஒரு தமிழ் எழுத்தின் உடலுக்குள் இடைவெளியோ சாய்கோடோ ஒளிந்திருக்க வழியே இல்லை. ஜப்பானியர் முன்பு பயன்படுத்திய ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சில எழுத்துகளின் இரண்டாம் பைட், பின்சாய்கோட்டின் மதிப்போடு ஒத்துப்போய்த் தொல்லை கொடுத்தது.

ஆனால் மூன்று பைட்டுகளுக்கு ஒரு விலை உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ‘தமிழ்நாடு’ என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. கணிப்பொறிக்கோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆக ஒன்பது குறியீடுகள், 27 பைட்டுகள். 255ஐ மூன்றால் வகுத்தால் 85 குறியீடுகள்தான் மொத்த இடம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டிலோ பைட் கணக்கு இல்லை. 255 குறியீடுகள் வரை போகலாம். அங்கே வாக்கியம் போல நீளமாகப் பெயர் சூட்டிய தமிழ்க் கோப்பு லினக்ஸ் வட்டுக்கு நகலாக மறுப்பது இதனால்தான். விண்டோஸில் பெயரைச் சுருக்கிவிட்டால் நகலாகும்.

‘கொ’ போன்ற எழுத்துகளில் இன்னொரு சிக்கல். இதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆப்பிள் கணிப்பொறிகளின் பழைய வட்டு அமைப்பு இரண்டாகப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த ‘கொடி’யும் நாம் தட்டச்சிட்ட ‘கொடி’யும் நம் கண்ணுக்கு ஒன்று; பெயர்களை ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு.

விண்டோஸிலும் மேக்கிலும்

விண்டோஸில் இதே காரியத்துக்கு ரெஜிஸ்ட்ரி என்ற பெரும் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அதில் கோப்பு வகைகளுக்குரிய பகுதியில், எல்லா வகைக்கும் பொதுவாக ஒரு நட்சத்திரக் குறி உண்டு. அதன் கீழ் ‘ஷெல்’, அதன் கீழ் நாம் சூட்டும் பெயர், அதன் கீழ் ‘கமாண்ட்’ என்று கிளைகள் வைத்து, கடைசிக் கிளையில் இயக்க வேண்டிய கட்டளையை எழுத வேண்டும். கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியும் ஒன்று என்ற எண்ணும். இங்கும் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க மறக்கக்கூடாது. கண்ணி எல்லா ஊரிலும் ஒன்றுதான். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் அதன் நகலை எடுத்து வைப்பது நல்லது.

இம்முறையில் ஒரு குறை: தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் கட்டளை தனித்தனியாக இயங்கும். பதினைந்துக்கு மேல் தேர்ந்தெடுத்தால், நாம் சேர்த்த வரி மெனுவிலிருந்தே மறைந்துவிடும். பிழை அன்று, நூறு நிரல்கள் ஒருசேரத் திறந்து கணிப்பொறி திணறாமல் இருக்க வைத்த வரம்பு அது. 2021இல் வந்த விண்டோஸ் 11இல் மெனு குறுக்கப்பட்டுவிட்டதால், இப்படிச் சேர்த்த வரியைக் காண ‘மேலும் விருப்பங்கள்’ என்ற வரியை அழுத்தி உள்ளே போக வேண்டும். என்னைக் கேட்டால், ரெஜிஸ்ட்ரியைத் தொடாமல் ‘சென்ட் டு’ என்ற கோப்புறையில் ஸ்கிரிப்டைப் போட்டுவிடுவதே மேல் என்பேன். நாட்டிலஸின் கோப்புறையைப் போலவே அதுவும் வேலை செய்யும். தேர்ந்தெடுத்த பெயர்கள் எல்லாம் ஒரே முறையில் ஸ்கிரிப்டுக்கு வந்து சேரும். ஆனால் விண்டோஸின் கட்டளை வரி 8,191 எழுத்துகளுக்கு மேல் தாங்காது. முழு முகவரியோடு கூடிய பெயர் நூறு எழுத்து என்றால் எண்பது கோப்புகளோடு இடம் நிறைந்துவிடும். நானூறு படங்களை ஐந்தாறு தவணையாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆப்பிள் கணிப்பொறிகளில் 2005 முதல் ஆட்டோமேட்டர் என்ற கருவி உண்டு. கட்டளைத் துண்டுகளை மணி கோப்பது போலக் கோத்துச் சேமித்தால், விரைவுச் செயல்கள் என்ற கிளையில் தோன்றும். பாஷ் ஸ்கிரிப்டையும் அதில் ஒரு மணியாகக் கோக்கலாம்.

இயக்குமுன் சில செய்திகள்

வலப் பொத்தான் மெனுவிலிருந்து இயங்கும் ஸ்கிரிப்ட் ஊமை. கட்டளை வரியில் இயக்கினால் பிழைச் செய்தி திரையில் வரும். மெனுவிலிருந்து இயக்கினால் அதைக் காட்ட ஒரு சாளரமும் இல்லை. வேலை முடிந்ததா, நடுவில் நின்றதா என்று தெரியாது. லினக்ஸில் ஜெனிட்டி என்ற சிறு நிரல் இதற்கு உதவும். ஸ்கிரிப்டின் கடைசியில் அதை ஒரு வரியில் அழைத்து, ‘படங்கள் தயார்’ என்று தமிழிலேயே ஒரு பெட்டி தோன்றச் செய்யலாம். எத்தனை படங்கள் கெட்டன என்று எண்ணிச் சொல்லவும் வைக்கலாம்.

நாட்டிலஸின் ஸ்கிரிப்ட் மெனு கோப்பின் வகையைப் பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படங்களோடு தவறுதலாக ஒரு பிடிஎஃப் கோப்பும் தேர்வாகியிருந்தால், அதையும் நம் ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடும். வகையை ஸ்கிரிப்டுக்குள்ளேயே சோதித்து, படமல்லாததைத் தாண்டிச் செல்லும்படி எழுதுவது நலம்.

ஸ்கிரிப்டுக்கு நம் உரிமைகள் அனைத்தும் உண்டு. நாம் அழிக்கக்கூடிய எதையும் அது அழிக்கும். நாம் படிக்கக்கூடிய எதையும் அது படித்து வெளியே அனுப்பவும் கூடும். பிறர் எழுதியதை வரி வரியாகப் படித்துப் பொருள் புரியாமல் இயக்க அனுமதி கொடுக்க வேண்டாம். ஐந்து வரிக்குப் பதில் ஐந்நூறு வரி இருந்தால் இன்னும் ஐயப்படுங்கள்.

புதிய ஸ்கிரிப்டை முதலில் மூன்று நான்கு நகல் கோப்புகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றின் பெயரில் இடைவெளி இருக்கட்டும், ஒன்று தமிழில் இருக்கட்டும், ஒன்று சிறு கோட்டோடு தொடங்கட்டும். வேலைக் கட்டளைக்குப் பதில் பெயரை மட்டும் அச்சிடும் ‘எக்கோ’ கட்டளையை வைத்து முதல் ஓட்டத்தை நடத்தினால், என்ன நடக்கவிருக்கிறது என்பதை எதுவும் நடக்காமலே பார்த்துவிடலாம். ஸ்கிரிப்ட் எதையேனும் நீக்கியே ஆக வேண்டும் என்றால் நேரடியாக அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையை விட்டு, க்னோமில் உள்ள ‘ஜிஐஓ ட்ராஷ்’ என்ற கட்டளையை எழுதுங்கள். அது கோப்பைக் குப்பைத்தொட்டிக்குத்தான் நகர்த்தும். தவறிப் போனாலும் தொட்டியைக் காலி செய்யும்வரை கோப்பு அங்கேயே கிடக்கும்.